பதினொரு குருவியும் ஒரு குடும்பமும்

போன கிழமை நம் படக்காரர் கழகக் கூட்டம் முடிந்து தேநீர் குடித்துக்கொண்டு நின்றபோது, உங்களில் ஒருவர் தன் கைபேசியை என் மூக்கடியில் நீட்டினார்.

"அண்ணை, இதை ஒருக்காப் பாருங்கோ."

பார்த்தேன். ஒரு சிவப்புப் பூ. அதற்கு முன்னால், எதையும் தொடாமல், காற்றில் ஆணி அடித்து மாட்டியதுபோல ஒரு குருவி. பெருவிரல் அளவு உடம்பு. தொண்டையில் மீன்செதிலாய் அடுக்கிய இறகுகள். ஒவ்வொரு செதிலும் இப்போதுதான் தணலிலிருந்து எடுத்ததுபோலச் சிவந்து கிடந்தது. அலகு நுனியில் நூலிழை நாக்கு. நெற்றியில் மகரந்தம், கோயிலுக்குப் போய்வந்த பிள்ளையின் சந்தனம்போல. சிறகு மட்டும் இருந்தும் இல்லாமலும், மூச்சுப் பட்ட கண்ணாடிபோல. ஹம்மிங் பேர்ட் என்றார் அவர். நம் ஊர்ப் பக்கம் இல்லாத குருவி. தேநீர் ஆறும்வரை பார்த்தேன்.

"உங்கட காலத்தில இப்பிடி எடுக்க ஆரும் முயற்சி செய்யேல்லையோ அண்ணை?"

"ஒருத்தன் செய்தவன். சரியான விசரன்."

எல்லோரும் சிரித்தீர்கள். அந்த விசரன், அந்தப் பைத்தியம், யார் என்று ஒருவரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அங்கேயே சொல்லி முடித்திருப்பேன். கேளாததால் இப்போது எழுதவேண்டியிருக்கிறது. எந்த லென்ஸ், எவ்வளவு வேகம் என்று இதில் தேடவேண்டாம். அவற்றில் நீங்கள் எனக்கு வாத்திமார். நான் சொல்லப்போவது கமராவுக்குப் பின்னால் நிற்பவரைப் பற்றி.

எண்பதுகளின் தொடக்கம். கிளிநொச்சிச் சந்தியிலிருந்து கூப்பிடு தூரத்தில் ஒரு ஸ்ரூடியோ. அதில் வெளிப்படம் எடுக்கப் போகிறவன் நான். கமராவைத் தோளில் போட்டுக்கொண்டு பஸ்ஸில் ஏறினால், பூவரசங்குளத்துக் கலியாணமும் என்னுடையதுதான், முரசுமோட்டையில் பிள்ளை பெரியவளான சாமத்தியவீடும் என்னுடையதுதான். உள்ளறையில் ஒரு அக்கா இருந்தா. என்னைவிட ஐந்தாறு வயது மூப்பு. நெகற்றிவை வெளிச்சப் பெட்டியில் வைத்து, கூரான பென்சிலால் பருவை அழிப்பதும் தழும்பை நிரப்புவதும் அவாவின் வேலை. அந்த வருடங்களில் படத்தைக் காட்டிப் பேசப்பட்ட கலியாணங்களில் எத்தனையோ மூக்குகளை நேராக்கியது அவாவின் பென்சில். கலியாணத்துக்குப் பிறகு மாப்பிள்ளைமார் அவாவைத் தேடி வராதது எங்கள் அதிர்ஷ்டம்.

நான் சட்டையைக் காற்சட்டைக்குள் விட்டுக்கொண்டு போவேன். அதனால் அவா என்னைத் 'துரை' என்றுதான் கூப்பிடுவா.

கப்பலில் வேலை செய்த ஒருவர் கடவுச்சீட்டுப் படம் எடுக்க வந்தபோது ஒரு வெளிநாட்டுக் கலண்டரைத் தந்துவிட்டுப் போனார். பன்னிரண்டு மாதம், பன்னிரண்டு குருவி. எல்லாம் நீங்கள் காட்டிய அந்தச் சாதி. அக்காவின் மேசைக்கு நேர் மேலே மாட்டினேன். வேலை நேரம் பாதி அதன் அடியில் போயிற்று. அதிலும் யூன் மாதத்துக் குருவி என்னைப் பிடித்துக்கொண்டது. பச்சை முதுகு, நீலத் தொண்டை, கறுத்த மிளகுமணிக் கண். யூலை வந்தது, நான் தாளைத் திருப்பவில்லை. ஓகஸ்ட் வந்தது, அப்போதும் இல்லை. எங்கள் சுவரில் யூன் முடியவே இல்லை. படம் வாங்க வந்த ஒரு ஐயா அந்தக் கலண்டரைப் பார்த்துத் திகதியை மனத்தில் வைத்துக்கொண்டு, அரசாங்க அலுவலுக்குக் கச்சேரிக் கந்தோருக்குப் போகவேண்டிய நாளைத் தவறவிட்டார். திரும்பி வந்து சத்தம் போட்டார்.

"துரைக்கு யூன் மாசம் நல்லாப் பிடிச்சுப்போச்சு ஐயா, மற்ற மாசங்களை அவர் அங்கீகரிக்கிறேல்லை" என்று அக்கா உள்ளேயிருந்து சமாதானம் சொன்னா.

ஒரு நாள் அவா தன் பூதக்கண்ணாடியை எடுத்துக் கதிரையில் ஏறி நின்று, அந்தக் குருவியின் கண்ணுக்குள் பார்த்தா. அவாவுக்கு அது தொழில்பழக்கம்; எந்த முகத்தையும் கண்ணிலிருந்துதான் தொடங்குவா.

"துரை, இதை எடுத்தவர் உள்ளுக்கை இருக்கிறார்."

குருவியின் கண்ணில் ஒரு வெள்ளைப் புள்ளி. அந்த வெள்ளைக்குள் கறுப்பாய் ஒரு துகள்.

"அது அச்சில விழுந்த புள்ளி அக்கா."

"அச்சுப்புள்ளி காலுக்குமேல கால் போட்டுக்கொண்டு இருக்குமோ? நல்லாப் பாரும். உவர் கதிரை போட்டு இருக்கிறார்."

எனக்கு அப்படி எதுவும் தெரியவில்லை. ஆனால் அவா விடவில்லை.

"துரத்திக்கொண்டு திரிஞ்சவன் எடுத்த படமில்லை இது. பூவுக்கு முன்னால கதிரையைப் போட்டு இருந்திருக்கிறார். குருவி வந்திருக்கும், பயந்து போயிருக்கும், திரும்ப வந்திருக்கும். கடைசியில உவரைப் பார்த்துப் பார்த்து அதுக்கு அலுத்துப்போச்சு. அதுக்குப் பிறகுதான் கமராவை அமத்தியிருக்கிறார்."

நான் சிரித்தேன். படம் எடுக்கவே தெரியாத ஒருவர் எனக்குப் படம் எடுக்கச் சொல்லித் தருகிறா என்று சிரித்தேன். அந்தச் சிரிப்பை இன்றும் திருப்பி எடுக்க முடிந்தால் எடுத்துவிடுவேன்.

அந்த நாட்களில்தான் தர்மபுரத்திலிருந்து ஒரு பெண் வந்தாள். இருபத்திரண்டு வயதிருக்கும். மலைநாட்டுத் தோட்டத்திலிருந்து அடிபட்டு வந்து, வன்னியில் காடு வெட்டிக் குடியேறிய குடும்பம். இரண்டு நாட்டு ஒப்பந்தப்படி தகப்பனுக்கும் தாய்க்கும் இந்தியக் கடவுச்சீட்டு வந்துவிட்டது. மகளுக்கு இங்கே குடியுரிமைப் பதிவு, இங்கே கலியாணம். அவர்கள் போகிறார்கள், இவள் நிற்கிறாள்.

"நாளன்னிக்கிக் காலையில கெளம்புறாங்கண்ணே. தலைமன்னார் போயிக் கப்பல். நாளைக்கி வந்து மூணு படம் எடுத்துத் தரணும். எல்லாரும் சேந்து ஒண்ணு. அப்பாவும் அம்மாவும் ஒண்ணு. அப்புறம்..." கொஞ்சம் நின்று, "அம்மாவும் நானும் மட்டும் ஒண்ணு" என்றாள்.

அவர்களிடம் வேறு படமே கிடையாது. கடவுச்சீட்டுக்கு எடுத்தவை அரசாங்கக் கந்தோருக்குப் போய்விட்டன.

அடுத்த நாள் பிற்பகல் போய் இறங்கினேன். தோளில் இரட்டைக்கண் கமரா: மேல் கண்ணால் நாங்கள் பார்ப்போம், கீழ்க் கண் படம் எடுக்கும். உள்ளே பன்னிரண்டு படத்துக்கு ஒரு சுருள். கையில் வேறு சுருள் இல்லை. மூன்று படத்துக்குப் பன்னிரண்டு போதாதா?

"ஒரு பத்து நிமிசம் இருங்க தம்பி" என்றா தாய். "பக்கத்து வீட்டுல ஒரு நல்ல சட்டை இருக்குன்னு அவரு போயிருக்காரு. மருமகன் வயல்ல நிக்கிறாரு, வந்துருவாரு."

பிள்ளைகளே, எங்கள் தொழிலில் ஆபத்தான நேரம் அவசரம் என்று நினைத்திருப்பீர்கள். இல்லை, இந்தப் பத்து நிமிடம்தான். கையில் கமரா, செய்ய வேலை இல்லை, யாரும் பார்க்கவில்லை என்ற எண்ணம்.

குடிசையின் பக்கத்தில் ஒரு செவ்வரத்தைச் செடி சிவப்பாய்ப் பூத்து நின்றது. அதில் ஒரு தேன்சிட்டு. நம் ஊர்ச் சிட்டுகள் கொப்பில் தொங்கித்தான் தேன் குடிக்கும். இதுவோ, என்னைச் சோதிக்கவென்றே, ஒரு கணம் பூவுக்கு முன்னால் அந்தரத்தில் நின்றது. ஊதா முதுகு வெயிலில் மினுங்கியது. எனக்குள் யூன் மாதம் எழுந்து சிறகடித்தது.

குனிந்தேன், அமத்தினேன். குருவி போய்விட்டது. திரும்ப வந்தது. அமத்தினேன். வேலிப் பக்கம் பறந்தது, பின்னால் ஓடினேன். வாழைப்பொத்தியில் இருந்தது, தவழ்ந்து போனேன். ஒவ்வொரு தடவையும் 'இன்னும் ஒன்று, இதோடு சரி' என்று எனக்கு நானே சத்தியம் செய்தேன். கமராவின் முதுகில் சிறு சிவப்புக் கண்ணாடி இருக்கும். எத்தனையாவது படம் என்று அதில் தெரியும். ஒவ்வொரு முறை சுருளைச் சுற்றும்போதும் அந்த இலக்கம் கண்ணில் பட்டிருக்கும்; குருவி கடைசியாய்ப் பறந்துபோன பிறகுதான் மனத்தில் பட்டது.

பன்னிரண்டு.

பதினொன்று போய்விட்டது. ஒன்று இருக்கிறது. கடைக்குப் போய் இன்னொரு சுருள் கொண்டுவர அந்த நேரத்துக்குப் பஸ் இல்லை. நாளை விடிய இவர்கள் இல்லை.

திரும்பிப் பார்த்தேன். நால்வரும் வாசலில் தயாராய் நின்றார்கள். தகப்பன் தோள் பொருந்தாத இரவல் சட்டையில். தாய் பெட்டிக்குள்ளிருந்து எடுத்த மடிப்புக் கலையாத சேலையில். மருமகன் தலையில் தண்ணீர் தடவி வாரியிருந்தார். மகள் இரட்டைப் பின்னலில் பூ வைத்திருந்தாள்.

அந்த இடத்தில் உண்மையைச் சொல்லியிருக்கவேண்டும். 'ஐயா, ஒரு படந்தான் மிச்சம், எது வேணும் எண்டு நீங்கள் சொல்லுங்கோ' என்று கேட்டிருக்கவேண்டும். தெரிவு அவர்களுடையது. நானோ சட்டையைக் காற்சட்டைக்குள் சரிசெய்துகொண்டு, "முதல் எல்லாரும் சேர்ந்து இருங்கோ" என்று துரைத்தனமாய்ச் சொன்னேன்.

தகப்பனையும் தாயையும் வாங்குப் பலகையில் இருத்தினேன். தாயின் விரல்கள் வருடக்கணக்காய்க் கொழுந்து பறித்துக் கறை ஊறிக் கறுத்திருந்தன. நகங்களின் ஓரம் வெடித்திருந்தது. அந்தக் காலத்துப் படக்காரர் எல்லோருக்கும் வாயில் ஒரு பாடம் இருக்கும். எனக்கும் இருந்தது. "அம்மா, கையைச் சேலைத் தலைப்புக்குள்ள வையுங்கோ." அவா உடனே ஒளித்துக்கொண்டா, ஏதோ தவறு செய்தவபோல.

இனி அந்த ஒரே படம். வழக்கமாக நாங்கள் முதலில் லென்ஸ் மூடியைக் கழற்றாமலே ஒருமுறை வெறுமனே அமத்துவோம். ஆட்களின் விறைப்புப் போகட்டும் என்று; மூடி இருந்தால் சுருளில் ஒன்றும் விழாது. அப்படி அமத்தினேன். 'டிக்' என்றதும் தகப்பனின் இரண்டு கண்ணும் இறுகி மூடின. மறுபடி வெறுமனே அமத்தினேன். மறுபடி மூடின. அந்த மனிதரின் வாழ்நாளில் திடீர்ச் சத்தம் எதுவும் நல்லதைக் கொண்டுவந்ததில்லைப்போலும். ஒரே படம், அதில் கண்ணை மூடிய தகப்பனை மகளிடம் விட்டுவிட்டு அவர் கடல் கடக்கப்போகிறார்.

அப்போதுதான், அக்கா சொல்ல நான் சிரித்துத் தள்ளிய அந்தக் கதிரை ஞாபகம் வந்தது.

முற்றத்தில் கிடந்த வாளியைக் கவிழ்த்துப் போட்டு அதில் இருந்தேன். மூடியைக் கழற்றாமலே அமத்திக்கொண்டிருந்தேன். டிக். வெண்டிக்காய் எப்படிக் காய்க்குது ஐயா? டிக். கிணத்துத் தண்ணி உவரோ? டிக்.

"எத்தன படந்தான் எடுப்பீங்க தம்பி?" என்றார் தகப்பன்.

"ஏழெட்டு ஆச்சு ஐயா. இன்னும் கொஞ்சம்."

டிக். டிக். ஒரு கட்டத்தில் அவருக்கு என்னில் அலுப்புத் தட்டியது. என்னை விட்டுவிட்டு, என் தலைக்கு மேலால் தன் வெண்டித் தோட்டத்தைப் பார்க்கத் தொடங்கினார். நாளையிலிருந்து யார் தண்ணீர் இறைப்பது என்று யோசித்தாரோ என்னவோ, கண் அகலத் திறந்து, அமைதியாய், வெகுதூரம் போயிருந்தது. மூடியைக் கழற்றினேன். டிக்.

அவர் கண் இமைக்கவில்லை.

எழுந்தேன். மகள் தாயின் கையைப் பிடித்துக்கொண்டு முன்னால் வந்தாள்.

"இப்ப அம்மாவும் நானும், அண்ணே."

"வெளிச்சம் போயிட்டுது தங்கச்சி" என்றேன்.

அவள் வானத்தைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். வெயில் என் முதுகில் சுட்டது; என் நிழல் அவள் காலடிவரை நீண்டு, நான் சொன்னது பொய் என்று நிலத்தில் எழுதிக்கொண்டிருந்தது.

"சரிங்கண்ணே" என்றாள்.

தாய் எனக்குத் தேத்தண்ணி தந்தா. குடித்தேன். அதைவிடக் கசந்த இனிப்புத் தேத்தண்ணியை அதற்குப் பிறகு நான் குடித்ததில்லை.

சுருளைக் கழுவினோம். குடும்பப் படம் சுத்தமாய் வந்திருந்தது. மற்றப் பதினொன்றையும் அக்கா வெளிச்சப் பெட்டியில் பரப்பினா.

"துரையின்ர குருவி எங்கை? இது இலை. இது வேலி. ஓ, இந்தா ஒரு வால்! வாழ்த்துகள்."

அவ்வளவு கிட்டத்தில் மேல் கண் பார்ப்பதும் கீழ்க் கண் எடுப்பதும் ஒன்றல்ல, தெரிந்திருந்தும் மறந்திருந்தேன். ஏழாவதில் அவாவின் வாய் நின்றது. பூதக்கண்ணாடியை வைத்துப் பார்த்தா. முன்னால் குருவி ஒரு கறுத்தப் பூச்சு, பூவும் கலங்கல். தெளிவு முழுக்கப் பின்னால் போய் விழுந்திருந்தது. அங்கே வாசற்படியில் தாய், வீட்டுச் சேலையில்; தாயின் முழங்கால்களுக்கு இடையில் கீழே மகள். தாயின் வாயில் ரிபன் ஒன்று கடிபட்டிருந்தது. பத்து விரலும் மகளின் தலைமயிருக்குள், ஒவ்வொன்றும் எண்ணக்கூடியதாய்.

"இதிலை நான் பென்சில் வைக்கமாட்டன்" என்று மட்டும் அக்கா சொன்னா.

அச்சடித்து, அடுத்த கிழமை இரண்டு படத்தையும் கொண்டு தர்மபுரம் போனேன். இழந்ததை மீட்டுக்கொடுக்கிற வீரன் மாதிரிப் போனேன். அவள் குடும்பப் படத்தை நெஞ்சோடு வைத்துக்கொண்டாள். மற்றதைப் பார்த்து முகம் சுருங்கினாள்.

"அய்ய, இது என்னண்ணே? அம்மா கிழிஞ்ச சேலையோட இருக்காங்க. எனக்குத் தல பாதி பின்னிப் பாதி பின்னாம கெடக்கு. யாராச்சும் பாத்தா என்ன நெனப்பாங்க? இது வேணாம்."

எனக்கு ரோசம் வந்தது. அதுதான் நல்ல படம், உமக்குத் தெரியாது என்று சொல்ல வாய் உன்னியது. நல்லவேளை, சொல்லவில்லை. அப்படிச் சொல்ல எனக்கு என்ன உரிமை? அவர்கள் இரவல் வாங்கியாவது நல்லாய்த் தெரிய விரும்பிய ஒரு நாளில், அவர்கள் கேளாததை எடுத்தவன் நான். கடைக்கு வந்து படத்தையும் பதினொரு நெகற்றிவையும் குப்பைக் கூடைக்குள் போட்டேன். யூன் மாதத் தாளையும் அன்றுதான் திருப்பினேன்.

பிறகு போர் வருடங்கள் எப்படிப் போயின என்று உங்கள் வீட்டுப் பெரியவர்களைக் கேளுங்கள். கடை ஒருமுறை எரிந்தது. பக்கத்துத் தெருவில் சின்னதாய் மறுபடி திறந்தோம். அக்காவுக்குக் கண்ணாடி வந்தது, எனக்கு வயிறு வந்தது. சட்டை தானாகவே வெளியே வந்துவிட்டது. எண்பதுகளின் கடைசியில் ஒரு பிற்பகல் அந்தத் தர்மபுரத்துப் பெண் வந்து நின்றாள்.

"அம்மா போயிட்டாங்கண்ணே. அப்பா கடுதாசி போட்டிருந்தாரு."

நான் கதிரையை இழுத்துப் போட்டேன். அவள் இருக்கவில்லை.

"நீங்க எடுத்த படம் சாமிப் படத்துக்குப் பக்கத்துல இருக்கு. மொகம் நல்லாத்தான் இருக்கு. ஆனா கை இல்லண்ணே. கையைத்தான் எனக்கு ஞாபகம் இருக்கு, அதுதான் படத்துல இல்ல. அந்தப் பழைய சேலப் படம்... வச்சிருக்கீங்களா?"

கையை ஒளிக்கச் சொன்னவன் நான். கை இருந்த படத்தைக் குப்பையில் போட்டவனும் நான். உள்ளறைக்குப் போனேன். அக்கா திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"பழைய சேலைக்காறி வந்திட்டாவோ?"

மேசைக்குக் கீழிருந்து ஒரு பிஸ்கட் தகரப் பேணியை இழுத்தா. கடை எரிந்தபோது அது அவாவின் வீட்டில் இருந்திருக்கிறது. உள்ளே நிறையக் கடித உறைகள். ஒன்றை எடுத்து நீட்டினா. பென்சிலால் எழுதியிருந்தது: 'வேண்டாம் என்றவ. வருவா.'

"கூடைக்குள்ளயிருந்து எடுத்தனீங்களோ?"

"துரை எறியிறதையெல்லாம் ஒருக்காப் பார்த்துத்தான் நான் எறியிறது."

எடுத்த அந்த நிமிடத்திலேயே படத்தைப் பார்த்து, விரலால் தட்டி அழித்துவிடுகிற உங்களுக்கு இதைத்தான் சொல்ல வந்தேன். எது வேண்டும் என்று படத்துக்குரியவர் சொல்லட்டும். அவரே வேண்டாம் என்றாலும் கொஞ்சக்காலம் வைத்திருங்கள். அக்காவைப்போல ஒருவர் உங்கள் கூடைக்குப் பக்கத்தில் இருப்பார் என்று நம்பிவிடாதீர்கள்.

உறைக்குள்ளிருந்த நெகற்றிவை அச்சடித்துக் காயும்வரை அவள் காத்திருந்தாள். கையில் வாங்கி, முகத்தைப் பார்க்கவில்லை. தாயின் விரல்களில் தன் விரலை வைத்தாள், ஒவ்வொன்றாக. பத்தும் முடிந்த பிறகு கேட்டாள்:

"முன்னால என்னண்ணே கறுப்பா, அப்பின மாதிரி?"

"அது... படம் கழுவேக்கை..." என்று தொடங்கி, நிறுத்தினேன். ஒரு பொய் போதும். "அது தேன்சிட்டு, தங்கச்சி."

அவள் சிரித்தாள். கண் நிறைந்திருக்கச் சிரித்தாள்.

"தெரியும்ணே. அன்னிக்கே தெரியும். வாசல்ல உக்காந்து பாத்துக்கிட்டுத்தான இருந்தோம்? நீங்க குனிஞ்சு குனிஞ்சு ஓடுறீங்க, வாழைக்குள்ள தவழுறீங்க. 'பிலிம் பூராத்தையும் குருவிக்கே முடிச்சிருவாரு போல, போயி நிறுத்தச் சொல்றேன்'னு நான் எந்திரிச்சேன். அம்மாதான் மயிரப் புடிச்சு உக்கார வச்சாங்க. 'விடுடி. அந்தத் தம்பி குருவி புடிக்கட்டும். அதுவரைக்கும் ஒன் தலை என் கையில இருக்கட்டும்'னாங்க."

உள்ளறையில் பென்சில் சத்தம் நின்றிருந்தது.

படத்தை உறையிலிட்டு, உறையைச் சேலைத் தலைப்பில் சுற்றிக்கொண்டு அவள் படியிறங்கினாள். எனக்கு ஏதாவது சொல்லவேண்டும்போல் இருந்தது.

"பொழுது படுது தங்கச்சி, கவனமாப் போங்கோ."

நின்றாள். அன்றுபோலவே வானத்தைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

"இல்லீங்கண்ணே" என்றாள். "வெளிச்சம் இன்னும் இருக்கு."